மெதுவாகத் தொடங்கும் ஜப்பானிய விளையாட்டுகள்: பொறுமை தகுமா?

முன்னுரை

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. உலை கொதித்துச் சோறு வேகும் வரையில் காத்திருந்தவன், அது ஆறுகின்ற சிறு பொழுதுக்குள் அவசரப்பட்டு வாயைச் சுட்டுக்கொள்வதைத்தான் அந்தப் பழமொழி இடித்துரைக்கிறது. பொறுமையின் பெருமையைச் சொல்லும் இந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது. உலையில் அரிசி இருக்க வேண்டும். வெறும் நீர் கொதித்துக்கொண்டிருந்தால் எத்தனை நாழிகை காத்திருந்தாலும் பசி தீரப்போவதில்லை.

வீடியோ விளையாட்டுகளில் ஆர்வமுள்ள மாணவர் இருவர் கூடினால் எழுகின்ற வழக்கு ஒன்றுக்கு இந்தப் பழமொழி நன்கு பொருந்தும். “முதல் பத்து மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள், பிறகு எழுந்திருக்க மனமே வராது” என்பார் ஒருவர். “பத்து மணி நேரத்தில் ஒரு பாடநூலையே படித்து முடித்துவிடலாமே! பிற்பகுதிதான் சுவை என்றால் முற்பகுதி எதற்கு?” என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இவ்வழக்கில் அடிக்கடி கூண்டில் ஏற்றப்படுபவை ஜப்பான் நாட்டு விளையாட்டுகள். அவற்றுள்ளும் ‘ஆக்‌ஷன் ரோல் பிளேயிங்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. அவை நம் பொறுமைக்குத் தகுதியுடையனவா என்பதைச் சில சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகை விளையாட்டின் பிறப்பு

‘ரோல் பிளேயிங்’ என்றால் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுதல். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில் நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் மற்றொருவர் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடினர். வீரனின் வலிமை, உயிர், அனுபவம் யாவும் தாளில் எண்களாகக் குறிக்கப்பட்டன. இம்முறை கணிப்பொறிக்கு வந்தபோது 1981இல் ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ ஆகியவை தோன்றின. ஜப்பானில் 1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ இவ்வகையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

டிராகன் குவெஸ்டில் சண்டை முறைவைத்து நடக்கும். நாம் என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்கும் வரையில் பகைவன் வாளைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருப்பான். ஆக்‌ஷன் வகையில் அந்தச் சலுகை கிடையாது. 1984இல் வெளிவந்த ‘டிராகன் ஸ்லேயர்’, ‘ஹைட்லைடு’ போன்றவற்றில் தொடங்கிய அவ்வகையில், நாம் நின்றாலும் பகைவன் நிற்பதில்லை. தாக்குவதும் விலகுவதும் நம் விரல்களின் வேலை.

இதனால் இவ்வகையில் இரண்டு வளர்ச்சிகள் ஒருசேர நடைபெறுகின்றன. திரையிலுள்ள வீரனின் எண்கள் வளர்கின்றன. திரைக்கு வெளியே அமர்ந்திருப்பவரின் கையும் வளர்கிறது. எண்களை ஒரு நொடியில் உயர்த்திவிடலாம். கையை அப்படி உயர்த்த முடியாது. தட்டச்சுப் பயிலுவோர் எத்தனை நாள் ஒரே வரிசை எழுத்துகளை அடிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம் அல்லவா? மெதுவான தொடக்கத்தைப் பற்றிய விசாரணையில் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

மெதுவாகத் தொடங்குவதன் காரணங்கள்

முதற்காரணம் வாணிபம். பொது இடங்களில் வைக்கப்பட்ட ஆர்க்கேட் இயந்திரம் நாணயத்தை விழுங்கி ஓடுவது. அதில் ஆட வருபவரை முதல் அரை நிமிடத்திலேயே கவர வேண்டும். சில நிமிடங்களில் தோற்கடித்து அடுத்த நாணயத்தையும் வாங்க வேண்டும். அங்கே மெதுவான தொடக்கத்திற்கு இடமே இல்லை. வீட்டில் ஆடுவதற்கான விளையாட்டோ முழு விலையும் முன்னதாகவே கொடுத்து வாங்கப்படுவது. வாங்கியவர் பல வாரங்கள் ஆட விரும்பினார். எனவே நீளமாக இருப்பதே ஒரு சிறப்பாகக் கருதப்பட்டது; ஆசிரியருக்கு ஆற அமரத் தொடங்கும் துணிவும் வந்தது.

இரண்டாவது காரணம், மேலே சொன்ன இரட்டை வளர்ச்சி. ஆயுதம், மந்திரம், பொருள்களைக் கலந்து புதியன செய்தல், தோழர்களை வழிநடத்துதல் என்று கற்க வேண்டியவை பல. அத்தனையையும் முதல் நாளே சொன்னால் ஒன்றும் மனத்தில் நிற்காது.

மூன்றாவதாக, கதை சொல்லும் மரபையும் கருதலாம். ஜப்பானியரின் பழைய அரசவை இசையிலிருந்து வந்து, நோ நாடகத்தில் வேரூன்றிய கொள்கை ஒன்று உண்டு. ‘ஜோ, ஹா, க்யூ’ என்பது அதன் பெயர். மெல்லத் தொடங்கி, இடையில் அமைதியைக் குலைத்து, இறுதியில் விரைந்து முடிப்பது என்று அதன் பொருளைச் சுருக்கிச் சொல்லலாம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த நாடக மேதை ஸெயாமி இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு விளையாட்டு ஆசிரியரும் ஸெயாமியைப் படித்துவிட்டுத்தான் தொடங்குகிறார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தொடக்கம் மெதுவாக இருப்பதைக் குறையாகக் கருதாத ஒரு கலைமரபு அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு என்பதை மறுக்கவியலாது.

அதே சமயம், ஜப்பானிய விளையாட்டுகள் யாவும் மந்தமானவை என்று முடிவு கட்டிவிடலாகாது. 1987இல் வந்த ‘ஈஸ்’ என்னும் விளையாட்டில் தாக்குவதற்கென்று ஒரு பொத்தான்கூட இல்லை. பகைவன்மீது சற்றே விலகி மோதினால் அடி விழும்; நேருக்கு நேர் மோதினால் நமக்கும் அடி விழும். பத்தாம் நிலையோடு வீரனின் வளர்ச்சி நின்றுவிடும். சொல்ல வேண்டியது சிறிதாக இருந்ததால் தொடக்கமும் சிறிதாக இருந்தது.

ஒரு சிறுவனின் கோடை விடுமுறை

மெதுவான தொடக்கத்திற்குப் பலரும் காட்டும் சான்று, ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘கிங்டம் ஹார்ட்ஸ் 2’. இதன் இயக்குநர் டெட்சுயா நோமுரா. 2002இல் வந்த முதற் பாகத்தை ஆடியவர்கள் சோரா என்னும் நாயகனை மீண்டும் காணும் ஆவலோடு இதைத் திறந்தனர். ஆனால் சோரா அங்கே இல்லை. ரொக்ஸாஸ் என்னும் முன்பின் அறியாத சிறுவன் ஒருவன், அந்தி வெயில் படிந்த சிற்றூர் ஒன்றில், கோடை விடுமுறையின் கடைசி நாட்களைக் கழித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் என்ன செய்கிறான்? கடற்கரைக்குப் போகப் பணம் சேர்க்க நண்பர்களோடு கூலி வேலைக்குப் போகிறான். கடிதம் கொடுக்கிறான்; சுவரொட்டி ஒட்டுகிறான். ஊரில் நடக்கும் போட்டியில் மட்டையால் சண்டையிடுகிறான். பள்ளி வீட்டுப்பாடத்திற்காக ஊரின் ஏழு அதிசயங்களைத் தேடி அலைகிறான். இவ்வாறு கதையில் ஆறு நாட்களும் நம் கடிகாரத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரமும் கழிகின்றன. உலகைக் காக்கப் புறப்பட்டவர்கள் சுவரொட்டி ஒட்டுவதா என்று பலர் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த மூன்று மணி நேரத்தின் முடிவில்தான் உண்மை வெளிப்படுகிறது. அந்த ஊர் உண்மையான ஊரன்று. கணிப்பொறிக்குள் உருவாக்கப்பட்ட போலி. ரொக்ஸாஸ் ஒரு தனி மனிதனே அல்லன். உறங்கிக்கொண்டிருக்கும் சோராவிலிருந்து பிரிந்த ஒரு பாதி. சோரா கண்விழிக்க வேண்டுமானால் ரொக்ஸாஸ் மறைய வேண்டும். அவன் மறைகிறான். நாம் காத்திருந்த நாயகன் எழுந்து வருகிறான். ஆனால் மகிழ்ச்சி முழுமையாக வரவில்லை. அந்தச் சிறுவனின் விடுமுறை முடிந்துபோனதே என்ற ஏக்கம் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி. இதையே ஐந்து நிமிடக் காட்சியாகக் காட்டியிருந்தால் என்ன? கதை புரிந்திருக்கும், இழப்பு புரிந்திருக்காது. அவனோடு வேலை செய்து, அவனோடு விளையாடி, அவனோடு சலித்தும்போன பிறகுதான் அவன் இல்லாமற்போவது நமக்கு ஓர் இழப்பாகிறது. கதையின் பிற்பகுதியில் அவன் மீண்டும் சோராவின் எதிரில் வந்து நிற்கும்போது, அவன் யார் என்று யாரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு காட்சியாக மட்டும் இருந்த அச்சண்டையை, 2007இல் வந்த ‘ஃபைனல் மிக்ஸ்’ பதிப்பில் நாமே ஆடும்படி செய்தனர். அந்த மூன்று மணி நேரம் ஆட்டக்காரர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு இதுவே சான்று எனலாம்.

குறையும் சொல்ல வேண்டும். 2004இல் கையடக்கக் கருவிக்கு வந்த இடைப்பட்ட கதையை ஆடாதவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தில் வந்துபோகும் பலர் யாரென்றே தெரியவில்லை. மேலும், இவ்வகைத் தொடக்கம் முதல் முறைக்கே உரியது. உண்மை தெரிந்த பின் இரண்டாம் முறை ஆடுபவருக்குச் சுவரொட்டி வெறும் சுவரொட்டிதான்.

மூலிகை பறிக்கும் வேட்டைக்காரன்

கிங்டம் ஹார்ட்ஸ் நெஞ்சத்திற்காகக் காக்க வைத்தது என்றால், காப்காம் நிறுவனத்தின் ‘மான்ஸ்டர் ஹண்டர்’ கைக்காகக் காக்க வைத்தது. 2004இல் தொடங்கிய இவ்வரிசையின் பெயரோ பயங்கர விலங்குகளை வேட்டையாடுபவன் என்பது. பழைய பாகங்களைத் திறந்தால் முதலில் கிடைக்கும் வேலையோ காளான் பொறுக்குவது, மூலிகை பறிப்பது, இறைச்சி வாட்டுவது!

இதன் பொருள் போகப் போகத்தான் விளங்கும். மூலிகையையும் நீலக் காளானையும் சேர்த்தால் உயிர் காக்கும் மருந்து. நன்றாக வாட்டிய இறைச்சி ஓடுவதற்கான தெம்பு. எந்தப் பாறைக்குப் பின்னால் எது விளையும் என்று அறிந்தவனே காட்டில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பான். ஆயுதமும் அப்படியே. பெரிய வாளை ஓங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாது; ஓங்குவதற்கு முன்பே அடுத்த நொடியில் விலங்கு எங்கே இருக்கும் என்று கணித்திருக்க வேண்டும். விலங்குக்கு எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் இல்லை. அது நொண்டுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இதில் இன்னும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. மற்ற ரோல் பிளேயிங் விளையாட்டுகளைப் போல் இங்கே வேட்டைக்காரனின் நிலை எண்ணாக உயர்வதில்லை. வீழ்த்திய விலங்கின் எலும்பும் தோலும் கொண்டு செய்த ஆயுதமும் கவசமும்தான் அவன் வலிமை. மற்றதெல்லாம் ஆடுபவரின் தேர்ச்சி. ஆகவே மெதுவான தொடக்கம் இங்கே ஒரு பள்ளிக்கூடம். ஜப்பானில் இளைஞர்கள் பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவியோடு நால்வராகக் கூடி அமர்ந்து இதை ஆடினர். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். 2010இல் வந்த ‘மான்ஸ்டர் ஹண்டர் போர்ட்டபிள் தேர்ட்’ ஜப்பானில் மட்டும் 40 இலட்சத்துக்கும் மேல் விற்றது. காளான் பொறுக்கும் பொறுமை ஒரு தேசத்துக்கே இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆயினும் அந்த மந்தம் முழுவதும் தேவையானதுதானா? இதற்கான விடையை அந்நிறுவனமே தந்தது. 2018இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்டு’ பல தொல்லைகளைக் களைந்தது. முன்பு மருந்து குடிக்க அசையாமல் நிற்க வேண்டும். இதில் நடந்துகொண்டே குடிக்கலாம். முன்பு வாள் தீட்டும் கல் தீர்ந்துபோகும், இதில் தீர்வதேயில்லை. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறுத்தி நிறுத்திக் காட்டிய முறையும் போயிற்று. ஆனால் ஓங்கிய வாளை நிறுத்த முடியாது என்ற விதியும், விலங்கைக் கண்ணால் கண்டறியும் கலையும் அப்படியே இருந்தன. உலகெங்கும் 2 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. எந்த மந்தம் கல்வி, எந்த மந்தம் வெறும் பழக்கம் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

பொறுமையிழந்த நிபுணர்

மெதுவான தொடக்கத்தையும் கடினமான தொடக்கத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடகா மியசாகி இயக்கி, 2009இல் வெளிவந்த ‘டீமன்ஸ் சோல்ஸ்’ இரண்டும் சேர்ந்தது. பயிற்சிப் பகுதியின் முடிவிலேயே பெரும்பாலோரை அடித்து வீழ்த்தும் பூதம் ஒன்று நிற்கும். அதற்குப் பின் முதல் கோட்டையின் தலைமைப் பகைவனை வெல்லும் வரையில் வீரனின் நிலையை உயர்த்திக்கொள்ள வழியே இல்லை. எண்களின் வளர்ச்சிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, “முதலில் உன் கை வளரட்டும்” என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு அது. விழுந்த இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் நடந்து, எந்த மூலையில் எவன் ஒளிந்திருக்கிறான் என்று அறிந்து முன்னேற வேண்டியதுதான்.

இந்த விளையாட்டின் வரலாற்றில் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. சோனி நிறுவனத்தின் விளையாட்டு உருவாக்கப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிடா, இது முடிவடையும் தறுவாயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தார். அதற்குப் பிறகும் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இது மிக மோசமான விளையாட்டு என்று முடிவு கட்டினார். இதைப் பின்னாளில், 2012இல், அவரே வெளிப்படையாகக் கூறினார். ஜப்பானில் வெளியிட்ட சோனி, மேலை நாடுகளில் இதை வெளியிட முன்வரவில்லை. வட அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் நம்கோ பண்டாய் நிறுவனமும் அந்த வாய்ப்பைப் பெற்றன. ஆடியவர்கள் வாய்மொழியாகப் புகழ் பரப்ப, இதன் வழியில் 2011இல் ‘டார்க் சோல்ஸ்’ஸும், 2022இல் ‘எல்டன் ரிங்’கும் வந்து உலகப் புகழ் எய்தின. 2020இல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ புதுப்பிக்கப்பட்டபோது, அதை உலகெங்கும் வெளியிட்டது சோனியேதான்!

துறையில் ஊறிய நிபுணருக்கே இரண்டு மணி நேரம் போதவில்லை என்றால், முதல் அரை மணியில் தீர்ப்பெழுதும் நாம் சற்றுத் தயங்க வேண்டாமா?

முடிந்த பிறகு தொடங்கும் கதை

2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’ இதற்கு நேர்மாறானது. இயக்குநர் யோகோ டாரோ. தொடக்கம் மின்னல் வேகம். விமானப் போர், வாள் போர், மலை போன்ற இயந்திரத்தோடு மோதல். ஆனால் அந்த முதற் பகுதி முடியும் வரை ஆட்டத்தைச் சேமித்து வைக்க முடியாது. வீழ்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

உண்மையான பொறுமைச் சோதனை பிறகுதான் வருகிறது. கதை முடிந்து, உழைத்தவர் பெயர்களும் திரையில் ஓடிவிடுகின்றன. பலர் அங்கேயே எழுந்துபோயினர். தொடர்ந்து ஆடினால், அதே கதை இன்னொரு பாத்திரத்தின் கண்வழியே பெரும்பாலும் திரும்ப நடக்கிறது. பார்த்ததையே பார்க்கிறோமே என்று சலிப்பு வரத்தான் செய்யும். ஆனால் முன்பு வெறும் இரைச்சலாகக் கேட்ட இயந்திரங்களின் உள்ளம் இம்முறை நமக்குத் தெரிகிறது. முதல் முறை தயக்கமின்றி வெட்டியவர்களை இம்முறை வெட்டக் கை கூசுகிறது. மூன்றாம் சுற்றில்தான் கதை புதிதாக மேலே செல்கிறது. இதன் பேரும் புகழும் அந்தப் பகுதியால் வந்தவை. முதல் முடிவுக்குப் பின், தயவுசெய்து தொடர்ந்து ஆடுங்கள் என்னும் கருத்தில் வெளியீட்டாளர்களே ஓர் அறிவிப்பை வைத்தனர். தம் விளையாட்டு எவ்வளவு பெரிய பொறுமையைக் கேட்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அரிசியில்லா உலை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். எல்லா மந்தமும் கலையாகிவிடாது. 2017இல் வந்த ‘ஜெனோபிளேடு கிரானிகிள்ஸ் 2’ பல மணி நேரம் கடந்த பிறகும் புதுப்புதுச் சண்டை முறைகளை விளக்கிக்கொண்டேயிருந்தது. விளக்குவது குற்றமில்லை. ஆனால் ஒருமுறை காட்டிய விளக்கத்தைத் திரும்பப் புரட்டிப் படிக்க வழி வைக்கவில்லை. பாடத்தை மெதுவாக நடத்திவிட்டுக் குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டது போலாயிற்று. 2022இல் வந்த மூன்றாம் பாகத்தில் விளக்கங்களைத் திரும்பப் பார்க்கவும் தனியே பயிற்சி செய்யவும் வசதி செய்தனர். குறை உண்மையானது என்பதற்கு அந்தத் திருத்தமே சாட்சி.

இவ்வகைக்கு அண்டை வீடான ‘ஃபைனல் ஃபேன்டசி 13’ஐயும் சொல்லலாம். 2009இல் வந்த இது 13 அதிகாரங்கள் கொண்டது. முதல் பத்து அதிகாரங்களில் பெரும்பாலும் ஒற்றைப் பாதையில் முன்னே நடப்பதைத் தவிர வேறு தெரிவு இல்லை. பதினோராம் அதிகாரத்தில்தான் பரந்த புல்வெளி கண்முன் விரிகிறது. துரத்தப்படுபவர்களின் கதை என்பதால் ஒற்றைப் பாதை பொருத்தமே என்று வாதாடுவோர் உண்டு. அதை ஏற்றாலும், 13இல் 10 என்பது முன்னுரையாகுமா? முன்னுரை முக்கால் பங்கு என்றால் கட்டுரை எங்கே?

பொறுமைக்கு ஓர் அளவுகோல்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கேள்விகளை வகுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: என் கை ஏதேனும் கற்கிறதா? நேற்று வீழ்ந்த இடத்தை இன்று கடக்கிறேன் என்றால் அந்த மந்தம் கல்வி. நேற்று செய்ததையே இன்றும் அதே திறனோடு செய்கிறேன் என்றால் அது வெறும் கூலி வேலை.

இரண்டு: இப்போது நான் காண்பது பின்னால் பறிபோனால் எனக்கு வலிக்குமா? வலிக்கும் என்றால் ஆசிரியர் ஏதோ விதைத்திருக்கிறார். பெயர்கூட மனத்தில் நிற்கவில்லை என்றால் விதையும் இல்லை, விளைச்சலும் இல்லை.

மூன்று: இதை நீக்கிவிட்டால் மற்றது குலையுமா? மருந்து குடிக்க அசையாமல் நின்றதை நீக்கினர், ஒன்றும் குலையவில்லை. ஓங்கிய வாளின் விதியை நீக்கியிருந்தால் அந்த விளையாட்டே குலைந்திருக்கும்.

முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் பொறுத்திருப்பது தகும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், எத்தனை பேர் புகழ்ந்தாலும் மூடி வைத்துவிடுவதில் தவறில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை உடனே தெரியாது. ஆடி முடித்தவரும் ஆக்குவோரும் கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

இதனால் நமக்கு என்ன?

விளையாட்டைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று சில நண்பர்கள் நகைக்கலாம். மாணவனுக்குப் பணம் குறைவு. நேரம் அதைவிடக் குறைவு. வகுப்புக்கும் தேர்வுக்கும், பலருக்கு மாலை வேலைக்கும் போக மிஞ்சுகின்ற மணித்துளிகளில் மூன்று மணி நேரம் என்பது சிறு தொகையன்று. அதைக் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிக்க நமக்கு உரிமையுண்டு.

அதே நேரத்தில் நம் அவசரத்திற்கும் ஒரு விளைவு உண்டு. கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடை, 2015 முதல், வாங்கிய 14 நாட்களுக்குள் இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. வாங்குபவருக்கு நன்மை செய்யும் நல்ல விதிதான். ஆனால் ரொக்ஸாஸின் விடுமுறை முடிய மூன்று மணி நேரம் வேண்டும். யோஷிடா ஆடிப் பார்த்ததும் இரண்டு மணி நேரமே! இரண்டு மணி நேரத்திற்குள் தன் சரக்கு முழுவதையும் கடைவாசலில் பரப்பியாக வேண்டும் என்ற நெருக்கடி ஆக்குவோருக்கு வந்துவிட்டால், உள்ளே வைப்பதற்கு என்ன மிஞ்சும்? எல்லா மந்தத்தையும் நாம் வெறுத்தால் விதைப்பவர் குறைவர். எல்லா மந்தத்தையும் நாம் மன்னித்தால் வெறும் உலை வைப்பவர் பெருகுவர். இரண்டுக்கும் நடுவே நின்று பிரித்தறிவது ஆடுபவர் கடமை.

முடிவுரை

மெதுவாகத் தொடங்கும் ஜப்பானிய ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் விளையாட்டுகள் பொறுமைக்குத் தகுதியுடையனவா? மெதுவாகத் தொடங்குவதனாலேயே தகுதி வந்துவிடாது. அதனாலேயே தகுதி போய்விடவும் செய்யாது. கையைப் பழக்கவும் நெஞ்சைப் பிணைக்கவும் எடுத்துக்கொள்ளும் காலம் நமக்குத் திரும்ப வந்து சேரும் காலம். நீளத்தைக் காட்டி விலையை நியாயப்படுத்த எடுத்துக்கொள்ளும் காலம் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட காலம்.

ஆகவே, புதிய விளையாட்டு ஒன்றைத் திறக்கும் நண்பர் ஓரிரு மாலைப் பொழுதுகளை மனமுவந்து அதற்குக் கொடுக்கட்டும். அவசரப்பட்டு எழவும் வேண்டாம். பிறர் புகழுக்கு அஞ்சி அமர்ந்திருக்கவும் வேண்டாம். அடுப்பின் மேலுள்ள பானையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அரிசி இருந்தால் ஆக்கவும் பொறுக்கலாம், ஆறவும் பொறுக்கலாம்.